சாயம் போகாத குஞ்சு

அடைக்கு வைத்த முட்டைகளில் கடைசியாகப் பொரிந்தவன் அவன். கூடப்பிறந்த குஞ்சுகள் எல்லாம் தாய்க்குப் பின்னால் போய்விட்டன. இவன் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூட்டில் யாரும் இல்லை. உடைந்த ஓட்டின் ஒரு பாதி தலைமேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்படியே அம்மாவைத் தேடி ஓடுகிறான். ஓடிய வேகத்தில் கால் தடுமாறிச் சேற்றில் விழுகிறான். எழுந்தால் உடம்பு முழுக்கக் கறுப்பு. அதே கோலத்தில் போய் அம்மா முன்னால் நிற்கிறான். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது என் பிள்ளை இல்லை என்கிறாள்.

1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி இரவு, இத்தாலியத் தொலைக்காட்சியில் கலிமேரோ என்ற கோழிக்குஞ்சு இப்படித்தான் பிறந்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்தத் தொடக்கமே சுருக்கென்று தைக்கும். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைத் துண்டுப்படத்தை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு ஆறு வயது. என்ன பேசுகிறார்கள் என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாய்க்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னாள். "ஏம்ப்பா, அதோட அம்மாவுக்குக் குரல்கூடவா தெரியாது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் குஞ்சு வந்த வழியைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சலவைத்தூள் விற்கப் பிறந்தவன், ஜப்பானுக்குப் போய் நகைச்சுவைத் தொடரின் நாயகனாகி, டச்சு அகராதியில் ஒரு சொல்லாக நுழைந்திருக்கிறான். நடுவில் அவனுக்கு ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்து இத்தாலியில் தொலைக்காட்சி என்றால் ராய் என்ற அரசு நிறுவனம்தான். 1954இல் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1957 பிப்ரவரி 3ஆம் தேதிதான் விளம்பரத்தை உள்ளே விட்டார்கள். அதையும் அவிழ்த்துவிடவில்லை. இரவுச் செய்தி முடிந்ததும், ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, 'கரோசெல்லோ' என்ற நிகழ்ச்சி வரும். அதற்குள் சில துண்டுப்படங்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றும் இரண்டேகால் நிமிடம். அதில் முதல் ஒன்றேமுக்கால் நிமிடம் விற்கிற பொருளின் பெயரை எடுக்கவே கூடாது. கதை சொல்லலாம், பாடலாம், சிரிக்க வைக்கலாம். மிச்சமிருக்கிற அரை நிமிடத்தில்தான் சோப்போ பிஸ்கட்டோ தலைகாட்டலாம். அந்தக் கடைசிப் பகுதியை இத்தாலியர்கள் 'குட்டி வால்' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள்.

ஒரு சட்டம் கலையை வளர்க்கும் என்று சொன்னால் நம்ப மாட்டோம். இங்கே அது நடந்தது. சோப்பு விற்க வந்தவன் முதலில் கதை சொல்லியாக வேண்டும் என்று ஆனதும், நல்ல கதைசொல்லிகளைத் தேடிப் போனார்கள். செர்ஜியோ லியோனே, எர்மான்னோ ஓல்மி போன்ற இயக்குநர்கள் கரோசெல்லோவுக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் கோட்டில் நடந்துபோகிற, கோடு முடிந்த இடத்தில் கத்திக் கூச்சல் போடுகிற 'லா லீனியா' மனிதனைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவனும் 1969இல் ஒரு பாத்திரக் கம்பெனிக்காக இதே நிகழ்ச்சியில் பிறந்தவன்தான். கரோசெல்லோ முடிந்தால் பிள்ளைகள் படுக்கப் போக வேண்டும் என்பது வீடுகளில் எழுதாத விதி. ஒரு தலைமுறை முழுக்க அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போயிருக்கிறது. ஆகவே கலிமேரோ இத்தாலியக் குழந்தைகளுக்கு, தூங்கும் முன் கடைசியாகப் பார்க்கிற முகங்களில் ஒன்று.

அவனைப் படைத்தவர்கள் மிலான் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த நீனோ பகோட், டோனி பகோட் என்ற அண்ணன் தம்பி. கூடவே இஞ்ஞாசியோ கொல்நாகி. குஞ்சுக்குக் குரல் கொடுத்தவரும் இந்தக் கொல்நாகிதான். அண்ணன் நீனோ 1908இல் பிறந்தவர். அனிமேஷன் என்றால் அமெரிக்கா என்றிருந்த நாளில், 1949இல், 'டைனமைட் சகோதரர்கள்' என்று ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்தார். இத்தாலியில் வந்த முதல் முழுநீள அனிமேஷன் படங்களில் அது ஒன்று. ஆனால் முழுநீளப் படம் சோறு போடவில்லை. விளம்பரம் போட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டேகால் நிமிடத் துண்டுகளில்தான் பகோட் சகோதரர்களின் சிறந்த வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். 1964இல் அவர்கள் கிரிசூ என்று ஒரு குட்டி டிராகனைப் படைத்தார்கள். வாயைத் திறந்தால் நெருப்பு வரும் குலத்தில் பிறந்துவிட்டு, தீயணைப்பு வீரனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் அவன். பிறந்த இடமும் ஆசைப்பட்ட இடமும் பொருந்தாத பிள்ளைகள் மேல் இந்தச் சகோதரர்களுக்கு என்னவோ ஒரு பாசம் இருந்திருக்கிறது.

குஞ்சுக்குப் பெயர் வந்த கதை இப்படி. மிலானில் சான் கலிமேரோ என்று ஒரு பழைய தேவாலயம் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் அந்த ஊர் ஆயராக இருந்தவர் கலிமேரோ. அவரைக் கிணற்றில் தள்ளிக் கொன்றார்கள் என்பது மரபு. பகோட் குடும்பத்துத் திருமணம் ஒன்று அந்தத் தேவாலயத்தில் நடந்ததாகவும், அதனால் அந்தப் பெயர் மனத்தில் நின்றதாகவும் சொல்வார்கள். கிணற்றில் தள்ளப்பட்ட புனிதரின் பெயர், சேற்றில் விழுந்த குஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

படத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அவனை மட்டும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உருண்டையான கறுப்பு உடம்பு. கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. அந்தக் கறுப்பில் இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். சின்ன மூக்கு, குச்சிக் கால்கள். தலைமேல் ரம்பப்பல் மாதிரி விளிம்பு உடைந்த பாதி ஓடு. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் மங்கலான திரையிலும் இந்த உருவம் தெளிவாகத் தெரியும். அறையின் அந்தக் கோடியில் இருந்து பார்த்தாலும் அவன்தான் என்று கண்டுபிடித்துவிடலாம். கார்ட்டூன்காரர்களுக்குக் கறுப்பு உடம்பு புதிதும் அல்ல. ஃபெலிக்ஸ் பூனையும் மிக்கி எலியும் அந்த வழியில் வந்தவர்கள்தான். உள்ளே நுணுக்கக் கோடுகள் வேண்டாம், மையை நிரப்பினால் போதும், அசைவு பளிச்சென்று தெரியும்.

இதில் ஒன்றை நான் மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். சேற்றில் விழுந்து எழுந்த பிறகும் அந்த ஓடு வெள்ளையாகவே இருக்கிறது. அவன் எந்தக் கூட்டிலிருந்து வந்தான் என்பதற்குத் தலைமேலேயே அத்தாட்சி வைத்திருக்கிறான். தாய் கறுப்பைப் பார்த்தாள், ஓட்டைப் பார்க்கவில்லை. என் மகள் குரலைப் பிடித்தாள். நான் ஓட்டைப் பிடித்தேன்.

தாய்க்கோழியின் பெயர் செசிரா. அவள் வடகிழக்கு இத்தாலியின் வெனெத்தோ வட்டாரப் பேச்சில் பேசுகிறாள். வெனெத்தோ அந்தக் காலத்தில் வறுமையான பகுதி. அங்கிருந்து வயிற்றுப்பாட்டுக்காக வெளியேறியவர்கள் ஏராளம். இந்த விளம்பரத்தைக் கொடுத்த மீரா லான்ஸா கம்பெனிக்கும் அதே மண்ணில்தான் வேர்: வெனிஸ் பக்கத்தில் மீரா என்ற ஊரில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்துவந்த ஆலை அது. அவர்களின் சலவைத்தூளுக்கு ஆவா என்று பெயர்.

இப்போது வால் பகுதிக்கு வருகிறோம். தாயிடம் தள்ளுபடியான குஞ்சு, எங்கே போனாலும் அதட்டல் வாங்கிக்கொண்டு அலைகிறான். அவர்கள் எல்லாம் பெரியவர்கள், நான் சின்னவன், அதிலும் கறுப்பு, அதனால்தான் இப்படி நடத்துகிறார்கள், இது அநியாயம் என்று புலம்புகிறான். அப்போது ஒரு பெண் வருகிறாள். வெள்ளைத் தொப்பி, ஹாலந்து நாட்டுப் பெண்களின் பழைய உடை. மீரா லான்ஸாவின் அடையாளச் சின்னமான 'சின்ன ஹாலந்துக்காரி' அவள். வாசற்படியைக்கூடத் தேய்த்துக் கழுவுகிற ஜனங்கள் என்று ஹாலந்துக்காரர்களுக்குப் பேர் இருந்ததால், சுத்தம் விற்கிறவர்களுக்கு அந்த உடை வசதியாக இருந்தது. அமெரிக்காவிலும் 'ஓல்டு டச்சு' என்று ஒரு பாத்திரம் துலக்கும் பொடி அதே தொப்பியோடு விற்றது. அந்தப் பெண் குஞ்சைப் பார்த்துச் சொல்கிறாள்: நீ கறுப்பு இல்லை, வெறும் அழுக்கு. தொட்டியில் போட்டு ஆவாவால் அலசுகிறாள். குஞ்சு வெள்ளையாக வெளியே வருகிறான்.

அடுத்த படத்தில் மறுபடி கறுப்பு. மறுபடி அதட்டல், மறுபடி புலம்பல், மறுபடி தொட்டி. இப்படியே ஆண்டுக்கணக்கில் அவனை இத்தாலிக்குக் குளிப்பாட்டிக் காட்டினார்கள்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சோப்பு வியாபாரத்தில் இந்தக் கதை மிகப் பழையது. 1880களில் பிரிட்டனில் பியர்ஸ் சோப்புக்கு வந்த விளம்பரத்தில் ஒரு கறுப்புக் குழந்தையைத் தொட்டியில் உட்கார வைத்துக் கழுவுகிறார்கள். அடுத்த படத்தில் அதன் உடம்பு வெளுத்திருக்கும். கறுப்பு என்பது நிறமில்லை, கழுவாமல் விட்ட அழுக்கு என்று சொல்வதுதான் அந்த விளம்பரத்தின் மொத்தச் சாரம். எண்பது ஆண்டுகள் கழித்து மிலானில் அதே கருத்து கோழிக்குஞ்சாக வந்திருக்கிறது. பகோட் சகோதரர்கள் கெட்ட எண்ணத்தோடு வரைந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சலவைத்தூள் கேட்டார்கள், அழுக்கு ஒன்று தேவைப்பட்டது. ஆனாலும் அவர்கள் வரைந்ததைக் குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் இத்தாலியே மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. 1955க்கும் 1971க்கும் நடுவில் ஏறத்தாழ 90 லட்சம் பேர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கிலிருந்து அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு டூரின், மிலான் ஆலைகளுக்கு வந்தவர்களுக்கு, தெற்கத்தியருக்கு வீடு கிடையாது என்ற அறிவிப்புப் பலகை வரவேற்புச் சொன்னது. கறுத்தவர்கள், அழுக்கர்கள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். கலிமேரோ மனமொடிந்து போகிற காட்சிகளில், குச்சியின் நுனியில் ஒரு துணிமூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். அந்தத் துணிமூட்டையைப் பார்த்தபோது, அன்றைக்கு வடக்கே வந்திறங்கிய எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள் அதைத் தங்கள் வீட்டு மூட்டை என்று நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. விளம்பரம் வந்து அறுபது ஆண்டுகளாகியும் மக்கள் நினைவில் நிற்பது சலவைத்தூளின் மகிமை இல்லை. அநியாயம் என்ற அந்த ஒரு சொல்தான் நிற்கிறது. அதைக் கேட்டவர்கள் அது தங்களுக்கும் பொருந்தும் என்று கண்டுகொண்டார்கள்.

நீனோ பகோட் 1972இல் காலமானார். கரோசெல்லோவை 1977 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்தினார்கள். அடுத்த மாதம் இத்தாலியில் வண்ண ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது. ஆக, அந்த நிகழ்ச்சி இருபது ஆண்டுகளும் கறுப்பு வெள்ளையிலேயே வாழ்ந்து முடிந்தது. நம் குஞ்சு அதற்குள் ஜப்பானுக்குப் போய் வண்ணம் வாங்கிக்கொண்டுவிட்டான்.

தோக்கியோவின் தோயெய் அனிமேஷன் நிறுவனம் 1974 அக்டோபரில் கலிமேரோவைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை 47 பகுதிகள். விளம்பரத்தில் அவனுக்குக் கிடைத்தது இரண்டேகால் நிமிடம். தொடரில் விரிந்து கதை சொல்ல இடம் கிடைத்தது. பள்ளிக்கூடம், தெரு, தோழர்கள் எல்லாம் வந்தார்கள். பிரிஷில்லா என்ற பெண்குஞ்சு அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். வலேரியானோ என்று ஒரு குறும்புக்காரப் பறவையும், பியேரோ என்று குண்டு வாத்தும், ஜூலியானோ என்று ஆந்தைக்குஞ்சும் அவனோடு சுற்றுவார்கள்.

கார்ட்டூன் பறவைகளுக்கு ஒரு குணம் உண்டு. 1934இல் வந்த டொனால்டு வாத்துக்குக் கோபம் தலைக்கேறும். 1937இல் வந்த டாஃபி வாத்து அடுத்தவனைக் கவிழ்க்கப் பார்க்கும். 1940இல் வந்த வுடி மரங்கொத்தி சும்மா இருப்பவரையும் கொத்திவிட்டு ஓடும். அவர்கள் எல்லாம் வம்பை விலைக்கு வாங்குகிறவர்கள். கலிமேரோ உதவப் போய் உபத்திரவத்தில் மாட்டிக்கொள்கிறவன். நல்லது செய்வதாக நினைத்து எதையாவது இழுத்துவிடுவான், அது கவிழும், பெரியவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள், கண்ணில் பட்டவனைப் பிடித்துத் திட்டுவார்கள். நாம் சிரிப்பதும் அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் அவனை ஏளனம் செய்கிற தொனி வராது. விழுந்து எழுகிற குழந்தையைப் பார்த்து வீட்டில் சிரிப்போமே, அந்த மாதிரி.

நான் சொன்ன நல்ல காரியம் இங்கேதான் நடந்தது. ஜப்பானியத் தொடரில் மஞ்சள் குஞ்சுகள் பிறந்த குடும்பத்தில் இவன் ஒருவன் மட்டும் கறுப்பு. சேற்றில் விழுந்ததால் வந்த கறுப்பு இல்லை இது. அவன் நிறமே அதுதான். கழுவித் தீர்க்க ஒன்றும் இல்லை. ஹாலந்துக்காரியும் இல்லை, தொட்டியும் இல்லை. சலவைத்தூள் கம்பெனியை ஜப்பானுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்ற வியாபாரக் காரணம் இதற்குள் இருந்திருக்கும். எந்தக் காரணமாக இருந்தால் என்ன? ஒரு குஞ்சைத் திரும்பத் திரும்ப வெளுத்துக் காட்டிக்கொண்டிருந்த கதை, கடல் தாண்டியதும் அவனை அவன் நிறத்திலேயே விட்டுவிட்டது. அவனுடைய முறையீட்டுக்கும் அப்போதுதான் முழு அர்த்தம் வந்தது. விளம்பரத்தில் அவன் அநியாயம் என்று சொன்னால், குளித்துவிட்டு வா என்று பதில் இருந்தது. தொடரில் அந்தப் பதில் கிடையாது. அவன் குறை சொல்கிறான் என்றால், குறை சுற்றி இருக்கிறவர்களிடம் இருக்கிறது.

ஓர் ஆண்டை நான் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறேன். 1975. கலிமேரோவின் ஜப்பானியத் தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் இந்தியாவில் 'ஃபேர் அண்டு லவ்லி' முகப்பூச்சு கடைக்கு வந்தது. அந்தப் பெயரில் இருந்த வெள்ளையைக் குறிக்கும் சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று.

ஜப்பானுக்கும் பகோட் வீட்டுக்கும் உள்ள தொடர்பு அந்தத் தொடரோடு முடியவில்லை. நீனோவின் பிள்ளைகள் மார்க்கோ பகோட், ஜி பகோட் இருவரும் அப்பா தொழிலையே எடுத்துக்கொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில், துப்பறியும் ஹோம்ஸை நாயாக மாற்றி ஒரு தொடர் செய்ய ராய் நிறுவனமும் தோக்கியோ ஸ்டூடியோ ஒன்றும் கைகோத்தன. இத்தாலியப் பக்கத்தில் மார்க்கோ பகோட். ஜப்பானியப் பக்கத்தில் சில பகுதிகளை இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. கலிமேரோ பிறந்த 1963இல்தான் மியாசாகி தோயெய் நிறுவனத்தில் வரைகலைஞராக வேலைக்குச் சேர்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1992இல் அவர் 'போர்க்கோ ரோஸோ' எடுத்தார். இத்தாலியக் கடல்மேல் சிவப்பு விமானம் ஓட்டுகிற பன்றிமுக விமானியின் கதை. பன்றியாக மாறுவதற்கு முன் அந்த மனிதனுக்கு என்ன பெயர் தெரியுமா? மார்க்கோ பகோட். தோழரின் பெயரைத் தன் நாயகனுக்கு வைத்துவிட்டார் மியாசாகி. அதே 1992 அக்டோபரில் தோயெய் நிறுவனம் கலிமேரோவின் இரண்டாவது தொடரையும் தொடங்கியது. அதில் 52 பகுதிகள்.

ஐரோப்பாவில் அவனுக்கு வேறு விதமான வாழ்வு அமைந்தது. நெதர்லாந்தில் தொடர் ஓடிய பிறகு, அவனுடைய புலம்பல் ஜனங்கள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. டச்சு மொழியில் அவன் இலக்கணத்தைத் தப்பாகப் பேசுவான். நம் மழலைகள் 'அவங்கல்லாம் பெருசு, நான் சின்னது' என்று சொல்வதுபோல இருக்கும். அங்கிருந்து 'கலிமேரோ காம்ப்ளெக்ஸ்' என்ற சொல் பிறந்தது. நாம் சின்னவர்கள், அதனால் பெரியவர்கள் நம்மை ஏய்க்கிறார்கள் என்று எப்போதும் குறைபட்டுக்கொள்ளும் மனநிலைக்கு அந்தப் பெயர். சின்னக் கட்சி, சின்ன ஊர், தோற்ற கால்பந்து அணி, பெரிய நாடுகளுக்கு நடுவில் இருக்கும் குட்டி நாடு என்று யாரை மட்டம் தட்டவும் அது உதவும். டச்சு மொழியின் பெரிய அகராதியான வான் டாலேயில் அந்தச் சொல் ஏறியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை. அங்கே மூக்கால் அழுகிறவனுக்குக் கலிமேரோ என்று பேர். கலிமேரோவின் பெயரிலேயே ஒரு மனப்போக்கை வைத்து அங்கே உளவியல் புத்தகமும் வந்திருக்கிறது.

விளம்பரத்தில் அவனைக் கழுவியவள் ஹாலந்துக்காரி. அவனை நோயின் பெயராக்கியவர்களும் ஹாலந்துக்காரர்கள்தான். அந்த ஊர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கார்ட்டூன் குஞ்சின் வசனத்தை அகராதி வரைக்கும் கொண்டுபோனவர்கள் அவன் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் அந்தச் சொல் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். ஒருவன் வந்து எனக்கு அநியாயம் நடந்தது என்கிறான். நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. கலிமேரோ மாதிரி அழாதே என்று முடித்துவிடுகிறார்கள். தொடரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் கதைக்குள் அவன் சொல்வது பொய்யில்லை. அவர்கள் பெரியவர்கள், அவன் சின்னவன். அவன் கறுப்பு. அவர்கள் அவனை அப்படித்தான் நடத்துகிறார்கள்.

அவனை அழுமூஞ்சி என்று சொல்வதில் வேறொரு தப்பும் இருக்கிறது. புலம்பி முடித்ததும் அவன் மூலையில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அடுத்த பகுதியில் மறுபடி யாருக்காவது உதவப் போகிறான், மறுபடி கவிழ்க்கிறான். நம் தெருப் பிள்ளைகள் விளையாட்டில் ஏமாற்று நடந்தால் 'போங்கு ஆட்டம்' என்று கத்துவார்களே, கத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நிற்பார்களே, அந்தச் சுபாவம் அவனுக்கு. அநியாயம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நியாயம் எது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

டோனி பகோட் 2001இல் காலமானார். குஞ்சுக்கு ஐம்பது வயதான 2013இல், கணினியில் செய்த முப்பரிமாண உருவத்தில் மூன்றாவது தொடர் வந்தது. இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான் மூன்று நாட்டுக்காரர்களும் சேர்ந்து 104 பகுதிகள் செய்தார்கள். மையால் நிரப்பிய தட்டையான கறுப்பு போய், இப்போது உடம்பு உருண்டு திரண்டு வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. எனக்கு அந்தப் பழைய மைக் கறுப்புதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஓடு அப்படியே இருக்கிறது. விளிம்பில் அதே ரம்பப்பல்.

அந்தத் தொடரில் ஒரு பகுதியை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் ஏதோ நினைவு வந்தவள் மாதிரித் திரும்பி, "இதுல எப்பப்பா குளிப்பாட்டுவாங்க?" என்றாள்.

"இதுல குளிப்பாட்ட மாட்டாங்க கண்ணு."

"அப்போ அம்மா?"

"அம்மா கூடத்தான் இருக்கான்."

அவள் திரும்பவும் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கலிமேரோவைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். 1963இல் வந்த அந்தச் சலவைத்தூள் துண்டை முதலில் காட்டுங்கள். அதன்பிறகு தொடரைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள். இத்தாலிய வசனம் பிள்ளைக்குப் புரியாது, நீங்கள்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அநியாயம் என்று அவன் சொல்கிற இடம் வரும்போது, தயவுசெய்து மூக்கால் அழுகிற குரலில் சொல்லாதீர்கள். நேராகச் சொல்லுங்கள்.